உடன் யாரும் இல்லாமல் வந்த நோயாளி: ஹெரிக்கின் 1910 அறிக்கை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

1904 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். சிகாகோவின் பிரெஸ்பிடேரியன் மருத்துவமனைக்கு இருபது வயது இளைஞர் ஒருவர் வந்து சேர்ந்தார். ஐந்து வாரமாக விடாத இருமல், காய்ச்சல், தலைசுற்றல், தலைவலி. கரீபியன் தீவான கிரெனடாவிலிருந்து பல் மருத்துவம் படிக்கக் கப்பலேறி வந்து மூன்று மாதம் ஆகியிருந்த காலம். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அந்த ஊரில் அவருக்கு ஒருவரும் இல்லை.

அன்று அவரைப் பார்த்தவர் எர்னஸ்ட் அயர்ன்ஸ் என்ற பயிற்சி மருத்துவர். வயது 27. வழக்கம்போல விரலில் குத்தி ரத்தம் எடுத்து, கண்ணாடியில் தேய்த்து, மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்தார். கண்டது புதுசாக இருந்தது. தன் மேல்நிலை மருத்துவரான ஜேம்ஸ் ஹெரிக்கிடம் காட்டினார். ஆறு ஆண்டு கழித்து, 1910 நவம்பரில், அமெரிக்காவின் உள்மருத்துவ இதழ் ஒன்றில் ஹெரிக்கின் கட்டுரை வெளிவந்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால், 'கடுமையான ரத்தசோகை உள்ள ஒருவரிடம் கண்ட விசித்திரமான, நீண்ட, அரிவாள் வடிவச் சிவப்பணுக்கள்'. இன்று நாம் அரிவாள் செல் நோய் என்று சொல்கிற பரம்பரை ரத்த நோய் நவீன மருத்துவ எழுத்தில் தெளிவாக ஏறியது அந்தக் கட்டுரையில்தான்.

நான் ரத்த ஸ்மியர், அதாவது கண்ணாடியில் தேய்த்த ரத்தம், பார்த்துப் பிழைக்கிறவன். அந்த அறிக்கையைப் பல தடவை வாசித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறேன். இது தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருகிற நோய். அதை முதலில் எழுதியபோது நோயாளியின் தாய், தகப்பன், உடன்பிறந்தவர் யாரும் பக்கத்தில் இல்லை. அதனால் அறிக்கை எல்லாவற்றையும் பார்த்தது, பரம்பரையை மட்டும் பார்க்கவில்லை. பின்னால் இந்த நோயைப் பற்றி நமக்குத் தெரியவந்ததில் பெரும்பகுதி, விட்டுப்போன அந்தச் சொந்தக்காரர்களை ஒவ்வொருவராக ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டி வந்ததால் கிடைத்தது. அந்தக் கோணத்திலிருந்து இந்த நிகழ்வை எழுதிப் பார்க்கிறேன்.

கேஸ் ஷீட்டில் இருந்தவை

ஹெரிக் பொறுமையாக எழுதுகிற மருத்துவர். நோயாளி வளர்ந்த சூழல் பற்றிச் சொல்கிறார். பத்து வயதில் யாஸ் என்ற தோல் தொற்று வந்தது, அது அவர் ஊரில் சாதாரணமாக வருவது என்கிறார். அதற்கப்புறம் கால்களில் அடிக்கடி புண். ஒவ்வொன்றும் ஆறி, தழும்பாக நிற்கிறது. ஓர் ஆண்டாகவே படபடப்பும் மூச்சு வாங்குதலும் உண்டு. சிகரெட் அதிகம் பிடிப்பதால் வருகிறது என்று அந்த இளைஞர் தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உடலைப் பார்த்தால் வெளிறிய உள்ளிமைகள். கண்ணின் வெள்ளையில் மஞ்சள் சாயல். நெரிகட்டிகள் பல இடங்களில் பெருத்திருக்கின்றன. இதயம் கொஞ்சம் பெரிதாகி, கேட்புக்குழலில் முணுமுணுப்புச் சத்தம் கேட்கிறது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் (ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம்) 40 சதவீதம், ஒரு கன மில்லிமீட்டரில் சிவப்பணு 25,70,000, வெள்ளையணு 40,000. நல்ல ரத்தத்தை நூறாக வைத்துச் சொல்லும் இந்தச் சதவீதக் கணக்கு அந்தக் காலத்து வழக்கம். இன்றைய அளவில் ஐந்தரை, ஆறு கிராம் பக்கம் வரும். அந்த ரத்தத்தை உடம்பில் வைத்துக்கொண்டுதான் அவர் வகுப்புக்குப் போய்வந்துகொண்டிருந்தார்.

ஹெரிக் ஒவ்வொரு நோயாகத் தள்ளிப் பார்க்கிறார். வெப்பமண்டலத் தீவிலிருந்து வந்தவர் என்பதால் குடற்புழுவா? சிபிலிஸா? எதுவும் முழுதாகப் பொருந்தவில்லை. சிகிச்சை என்று கொடுத்தது ஓய்வு, நல்ல சாப்பாடு, இரும்பு கலந்த சிரப். சில வாரத்தில் தேறினார், படிப்புக்குத் திரும்பினார். அடுத்த இரண்டரை ஆண்டில் மறுபடி மறுபடி வந்தார். ஒரு தடவை 'தசைவாதம்', இன்னொரு தடவை 'பித்தத் தாக்குதல்'. அந்தந்த நேரத்துக்கு அந்தந்தப் பெயர்.

ஸ்லைடில் இருந்தவை

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஸ்மியர் பார்த்துப் பழகாதவர்களுக்கு, அயர்ன்ஸ் எதைக் கண்டு திடுக்கிட்டார் என்பது எளிதில் புரியாது.

நல்ல ரத்தத்தின் ஸ்மியரில் சிவப்பணுக்கள் எல்லாம் வட்டம். குறுக்களவு ஏழு மைக்ரான் சுற்றி இருக்கும். நடுவில் குழிந்திருப்பதால் அங்கே சாயம் குறைவாகப் பிடித்து வெளிறித் தெரியும். நெருக்கமாக வைத்த தோசைகள் மாதிரி வயல் முழுதும் பரந்து கிடக்கும். (நாங்கள் மைக்ரோஸ்கோப்பில் தெரியும் வட்டத்தை வயல் என்றுதான் சொல்வோம்.) சோகை இருந்தால் அணுக்கள் சிறுக்கும், வெளிறும், அளவு மாறும். வட்டம் கொஞ்சம் கோணும், அவ்வளவுதான்.

அரிவாள் செல் அப்படியில்லை. இரண்டு முனையும் கூராக நீண்டு, வளைந்து, நடுவில் வெளிறல் இல்லாமல் ஒரே அடர்த்தியாகக் கிடக்கும். ஓரம் கத்தி தீட்டினது மாதிரி இருக்கும். வட்டங்களுக்கு நடுவே ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் போதும், அப்புறம் வயலை நகர்த்த நகர்த்த அதுவேதான் தெரியும். முதல் தடவை பார்க்கிறவருக்கு வரும் சந்தேகம் ஒன்றே ஒன்று: ஸ்மியரை நான் சரியாகத் தேய்க்கவில்லையோ? ஏனென்றால் அவசரமாகத் தேய்த்தால், மெதுவாகக் காய்ந்தால், கண்ணாடி அழுக்காக இருந்தால் நல்ல அணுக்களும் இழுபட்டு நீளும். இழுபட்டவை எல்லாம் ஒரே திசையைப் பார்த்துப் படுத்திருக்கும். அரிவாள் செல்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக் கிடக்கும். இந்த வித்தியாசத்தைக் கண்ணுக்குப் பழக்கச் சில மாதம் பிடிக்கும்.

அந்தச் சந்தேகத்தை ஹெரிக் நேராகவே எதிர்கொள்கிறார். வேறு வேறு சாயம், வேறு வேறு முறை, பல நாட்கள் எடுத்த ரத்தம். எல்லாவற்றிலும் அரிவாள். அதே முறையில் மற்றவர்களின் ரத்தத்தைப் பார்த்தால் இல்லை. ஆகவே இது தேய்த்த கையின் குற்றமில்லை என்கிறார். படங்களையும் சேர்த்து அச்சிட்டார். அதற்கப்புறம் ஒரு வாக்கியம் எழுதுகிறார்: அணுவின் உள்ளே இருக்கும் பொருளிலேயே நமக்குத் தெரியாத ஏதோ மாற்றம் இருக்கலாம், வடிவத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்ற பொருளில். சொல்லிவிட்டு அங்கேயே நிறுத்திக்கொள்கிறார். அது சரிதான் என்று தெரிய இன்னும் 39 ஆண்டு ஆக வேண்டியிருந்தது.

நோய்க்குப் பெயர் வைக்கவும் இல்லை அவர். இதே மாதிரி ரத்தம் உள்ள வேறு நோயாளிகளைப் பற்றிய அறிக்கைகள் வந்தால்தான் தெளிவு பிறக்கும், அதுவரை இது திறந்த கேள்விதான் என்று முடிக்கிறார். ஆறு ஆண்டு கையில் வைத்திருந்த கேஸைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஒத்துக்கொண்டு வெளியிடுவது லேசான காரியமில்லை. தெரியாது என்று அவர் எழுதி வைத்ததால்தான் மூன்றே மாதத்தில், 1911 பிப்ரவரியில், வர்ஜீனியாவிலிருந்து வாஷ்பர்ன் என்பவர் இரண்டாவது நோயாளியைப் பற்றி எழுத முடிந்தது. அங்கே 25 வயதுப் பெண் ஒருவர் சில ஆண்டுகளாகவே சிகிச்சையில் இருந்தார். ஹெரிக்கின் கட்டுரை வந்த பிறகே அவருடைய ஸ்லைடுக்கும் ஒரு துணை கிடைத்தது.

ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். முதலில் கண்டவர் அயர்ன்ஸ். கட்டுரையின் ஆசிரியர் பெயரில் அவர் இல்லை. பயிற்சி மருத்துவரின் வேலை பயிற்சி மருத்துவரின் வேலையாகவே நின்றுவிட்ட காலம் அது. பிற்காலத்தில் அவர் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் தலைவராகவே வந்தார் என்றாலும், அந்த டிசம்பர் நாளுக்கு உரிய மரியாதை அவருக்கு எழுத்தில் கிடைத்திருக்க வேண்டும்.

இன்றைய கண்ணோடு அதே கேஸ் ஷீட்

இப்போது அந்தக் குறிப்புகளை மறுபடி வாசித்தால் ஒன்றுகூடத் தனித்து நிற்கவில்லை.

கால் புண்: கணுக்காலைச் சுற்றிய சிறு ரத்தக் குழாய்களில் விறைத்த அணுக்கள் மாட்டிக்கொள்வதால், ஆறி ஆறி மறுபடி வரும் புண். யாஸும் புண்ணைத்தான் உண்டாக்கும். ஆகவே பழியெல்லாம் அதன்மேல் விழுந்தது. கண்ணில் மஞ்சள்: சிவப்பணுக்கள் சீக்கிரமே உடைகின்றன. நல்ல அணு 120 நாள் ஓடும். அரிவாள் செல் நோயில் பத்திலிருந்து இருபது நாள்தான். உடைந்ததிலிருந்து வெளிவரும் மஞ்சள் நிறமி கண்ணில் தங்குகிறது, பித்தப்பையில் கல்லாகவும் சேர்கிறது. 'பித்தத் தாக்குதல்' என்று எழுதியது அதுவாக இருக்கலாம். இதய முணுமுணுப்பு: ரத்தம் நீர்த்துப்போனதால் இதயம் கூடுதலாக இறைக்கிறது. 'தசைவாதம்': இந்த நோயின் அடையாளமே அந்த வலிதான். எலும்புக்குள் ரத்தம் போகாமல் அடைபட்டு, நாட்கணக்கில் ஆளைக் கட்டிலோடு முடக்கிப்போடுகிற வலி. இருமலும் காய்ச்சலும்: நுரையீரலில் இதே அடைப்பும் தொற்றும் சேர்ந்து வருகிற தீவிர நிலை, உயிருக்கே ஆபத்தானது. அவர் தேறியது பெரிய விஷயம்.

40,000 வெள்ளையணு என்ற எண்ணைப் பற்றி, தொழில்காரனாக ஒரு வார்த்தை. எலும்பு மஜ்ஜை அவசரத்தில் இருக்கும்போது, உட்கரு நீங்காத இளஞ்சிவப்பணுக்களையும் ரத்தத்தில் தள்ளிவிடும். ஹெரிக்கும் அவற்றைக் கண்டு எழுதியிருக்கிறார். எண்ணும் அறையில் சிவப்பணுக்களைக் கரைத்துவிட்டு எண்ணும்போது இவை கரையாமல் வெள்ளையணு மாதிரியே நிற்கும். ஆகவே அந்த 40,000இல் ஒரு பங்கு இவையாக இருந்திருக்கும். இன்றைக்கும் இயந்திரம் கொடுக்கும் எண்ணை ஸ்மியரோடு ஒத்துப் பார்த்துத் திருத்துகிற வழக்கம் இதனால்தான்.

இத்தனையும் ஒரே காரணத்தின் கிளைகள் என்று காட்டியிருக்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா? அந்தக் கேள்வியின் பதில் அறிக்கையில் நோயைத் திறக்கும் சாவியாக எங்கும் வரவில்லை. கேட்டிருந்தாலும் என்ன கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். அவருடைய அம்மாவும் அப்பாவும் நோயைக் கடத்துகிறவர்களாக மட்டும் இருந்திருப்பார்கள். ஆளைப் பார்த்தால் ஆரோக்கியம். 'எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்' என்றே பதில் வந்திருக்கும். ஒளிந்து வருகிற பரம்பரைக்கு வாய்வார்த்தை போதாது, ரத்தத் துளி வேண்டும். அந்தத் துளியோ கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்கக் குடும்பங்களுக்கு இந்த நோய் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். தங்கள் மொழியில் அதற்குப் பெயரும் வைத்திருந்தார்கள். கானாவைச் சேர்ந்த மருத்துவர் ஃபெலிக்ஸ் கொனோட்டே-அஹுலு தன் சொந்தக் குடும்பத்திலேயே பல தலைமுறை பின்னோக்கிப் போய் நோய் கண்டவர்களின் பெயர்களைக் குறித்து வைத்தார். மைக்ரோஸ்கோப் இல்லாமலே, யார் வீட்டில் வரும், எந்தப் பருவத்தில் வலி கூடும் என்று அறிந்து வைத்திருந்தவர்கள் அவர்கள். சிகாகோவில் விசித்திரம் என்று எழுதப்பட்டது வேறோர் இடத்தில் வீட்டுக்காரர்களுக்குப் பழகின துயரம்.

தகப்பனின் ரத்தம்

குடும்பம் முதன்முதலாக உள்ளே வந்தது 1915இல். செயின்ட் லூயிஸில் குக், மேயர் என்ற இருவர் 21 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். அதே சோகை, அதே கால் புண், அதே அரிவாள். கூடவே ஒரு தகவல்: அந்தப் பெண்ணின் உடன்பிறந்தவர்கள் மூன்று பேர் கடும் சோகையால் இறந்திருந்தார்கள். கேட்கப்பட வேண்டிய கேள்வியை யாரோ கேட்டுவிட்டார்கள்.

அதே ஊரில் விக்டர் எம்மெல் என்ற உடற்கூற்றியலாளர் அந்தப் பெண்ணின் ரத்தத்தை வாங்கி ஒரு காரியம் செய்தார். ஒரு துளியைக் கண்ணாடிக்கு நடுவே வைத்து, ஓரமெல்லாம் காற்றுப் புகாமல் அடைத்து, அப்படியே வைத்துப் பார்த்தார். நேரம் ஆக ஆக வட்ட அணுக்களும் அரிவாளாக மாறின. அப்புறம் பெண்ணின் தகப்பனாரிடமும் ஒரு துளி வாங்கினார். அவருக்கு நோய் என்று ஒன்றும் இல்லை, சோகையும் இல்லை. புது ரத்தத்தில் ஓர் அரிவாளும் இல்லை. அடைத்து வைத்த துளியில் அவருடைய அணுக்களும் வளைந்தன.

1917இல் வெளிவந்த இந்தச் சோதனையை நான் மிகவும் மதிக்கிறேன். செலவில்லாத சோதனை. கண்ணாடி, மூடி, அடைக்க ஏதாவது ஒன்று, பொறுமை, அவ்வளவுதான். நோயே இல்லாத ஒருவரிடம் நோயின் விதை இருப்பதை அது கண்முன் காட்டியது. ஆக்சிஜனை இழுத்துவிடும் சோடியம் மெட்டாபைசல்பைட்டைச் சேர்த்து அதே சோதனையைச் சீக்கிரம் முடிக்கிற வழி பிறகு வந்தது. அந்த ஸ்லைடைப் பார்க்கும்போதெல்லாம், பெயர் தெரியாத அந்தத் தகப்பனார் விரலை நீட்டியது எனக்கு நினைவில் வரும். என் பிள்ளைக்கு வந்தது என்னிடமிருந்தா என்று அவர் கேட்டிருப்பாரா?

காற்றுப் புகாமல் அடைத்ததால் ஏன் மாறியது என்பதை 1927இல் ஹானும் கில்லெஸ்பியும் தீர்த்தார்கள். ஆக்சிஜன் குறைந்தால் அணு வளைகிறது, ஆக்சிஜன் திரும்பினால் நிமிர்கிறது.

இதற்கு நடுவில் ஒரு கெடுதலும் நடந்தது. 1922இல் வெர்ன் மேசன் நான்காவது நோயாளியைப் பற்றி எழுதியபோது 'அரிவாள் செல் சோகை' என்ற பெயரை நிலைப்படுத்தினார். அதுவரை கண்ட எல்லாரும் கறுப்பினத்தவர் என்பதையும் குறிப்பிட்டார். நான்கு பேரை வைத்துச் சொன்ன அந்த வார்த்தை, இது ஓர் இனத்தின் நோய் என்ற எண்ணமாக இறுகிவிட்டது. ரத்த உறவு என்று பார்க்க வேண்டியதை இனம் என்று பார்த்ததால் வந்த வினை. மத்தியதரைக் கடலோரத்தில், அரபு நாடுகளில், இந்தியாவில் எல்லாம் இந்த மரபணு இருக்கிறது. 1952இல் லேமன், கட்புஷ் இருவரும் நம் நீலகிரி மலைவாழ் மக்களிடமே இதைக் கண்டு எழுதினார்கள். 1954இல் ஆண்டனி ஆலிசன் காரணத்தைச் சொன்னார்: இந்த மரபணுவின் ஒரே ஒரு நகலை மட்டும் சுமப்பவர்களுக்கு மலேரியாவின் கொடிய வகையிலிருந்து பாதுகாப்பு கிடைக்கிறது. மலேரியா இருந்த இடமெல்லாம் இந்த மரபணு தங்கிப்போனது. கொசுவுக்கு இனம் தெரியாது.

அம்மா அப்பா இருவரும்

1949இல் இரண்டு வேலைகள் ஒன்றாக முடிந்தன. ஜேம்ஸ் நீல் நோயாளிகளின் தாய் தகப்பன் இருவரையுமே சோதித்தார். இருவரின் ரத்தமும் அடைத்த துளியில் வளைந்தது. ஒரு நகல் இருந்தால் கடத்துபவர், இரண்டு நகலும் சேர்ந்தால் நோயாளி. இருவரும் கடத்துபவர்கள் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, கடத்துபவராகப் பிறக்க நான்கில் இரண்டு, இரண்டும் இல்லாமல் பிறக்க நான்கில் ஒன்று. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் இரண்டாவதுக்கு வராது என்று கணக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு முறையும் கணக்கு புதிதாகவே தொடங்குகிறது.

இன்னொன்று லைனஸ் பாலிங்கின் குழு. வேதியியலாளரான அவரிடம் 1945இல் வில்லியம் காசில் என்ற மருத்துவர் பேச்சுவாக்கில் இந்த நோயைப் பற்றிச் சொன்னார். ஆக்சிஜனோடு உறவு உள்ளது ஹீமோகுளோபின்தானே, கோளாறு அதிலேயே இருக்க வேண்டும் என்று பாலிங் பிடித்துக்கொண்டார். ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து வேலையை முடித்தவர் ஹார்வி இட்டானோ. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளி என்பதற்காகக் குடும்பத்தோடு முகாமில் அடைக்கப்பட்டவர் அவர். மின்புலத்தில் ஹீமோகுளோபினை ஓடவிட்டால் (எலெக்ட்ரோபோரெசிஸ் என்பது இதுதான்) நோயாளியுடையது ஒரு வேகத்தில் போனது, மற்றவர்களுடையது வேறு வேகத்தில். கடத்துபவர்களின் ரத்தத்தில் இரண்டும் கலந்து இருந்தது. தாயும் தகப்பனும் பாதிப்பாதி கொடுத்தது எலெக்ட்ரோபோரெசிஸ் படத்தில் இரண்டு மேடாகத் தெரிந்தது. 'ஒரு மூலக்கூறு நோய்' என்று அந்தக் கட்டுரைக்குத் தலைப்பிட்டார்கள். ஹெரிக் சந்தேகப்பட்ட 'அணுவின் உள்ளே ஏதோ மாற்றம்' அகப்பட்டது.

அந்த மாற்றம் எவ்வளவு சின்னது என்பதை 1956, 1957இல் வெர்னன் இங்கிராம் காட்டினார். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின். அவ்வளவுதான். நீரோடு ஒட்டும் ஒன்று போய், நீரை வெறுக்கும் ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது. ஆக்சிஜனை விட்டதும் ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீளமான கயிறாகத் திரிகின்றன. அந்தக் கயிறு உள்ளே இருந்து தள்ளுவதால் அணு நீண்டு வளைகிறது.

பச்சைக் குழந்தைகள்

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஜேனட் வாட்சன். புரூக்ளினில் வேலை பார்த்த மருத்துவர். 1948இல் அவரும் உடன் வேலை செய்தவர்களும் பிறந்த குழந்தைகளின் ரத்தத்தைப் பார்த்தார்கள். பின்னால் நோய் வரப்போகிற குழந்தைக்குக்கூடப் பிறந்தபோது அரிவாள் செல்கள் மிகக் குறைவு. மாதங்கள் போகப் போகத்தான் கூடுகின்றன. குழந்தை வயிற்றில் இருக்கும்போது உள்ளது வேறு வகை ஹீமோகுளோபின், கரு ஹீமோகுளோபின். பீட்டா சங்கிலிக்குப் பதில் காமா சங்கிலி. பிறந்த சில மாதத்தில் உடம்பு அதை நிறுத்திவிட்டுப் பெரியவர்களின் வகைக்கு மாறுகிறது. அப்போதுதான் நோய் வெளியே தலைகாட்டுகிறது. கரு ஹீமோகுளோபின் இருக்கும்வரை அது காவல் காக்கிறது என்று வாட்சன் யோசித்தார்.

சரி, அது நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால்? அந்தக் கேள்விக்கு முழுப் பதில் கிடைக்க அறுபது ஆண்டு ஆனது. இடையில் ஹைட்ராக்சியூரியா என்ற மாத்திரை கரு ஹீமோகுளோபினைக் கூட்டுவது தெரிந்தது. 1995இல் வெளியான சோதனையில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ஆண்டுக்கு நாலரை வலித் தாக்குதல் என்றால், இதைச் சாப்பிட்டவர்களுக்கு இரண்டரைதான். 2008இல் ஸ்டூவர்ட் ஆர்கினின் ஆய்வுக்கூடத்தில் விஜய் சங்கரனும் மற்றவர்களும் அந்தப் பொத்தானையே காட்டினார்கள். பிசிஎல்11ஏ என்ற மரபணு கரு ஹீமோகுளோபினை அடக்கி வைக்கிறது. 2011இல் எலிகளில் அதை நீக்கியபோது அரிவாள் நோயின் கோளாறுகள் சரியாயின. 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும், கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரியால் அந்த மரபணுவின் கட்டுப்பாட்டுப் பகுதியை வெட்டும் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தன. அமெரிக்காவில் பரிசீலித்த சோதனையில், போதிய காலம் கவனிக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்குக் குறைந்தது ஓர் ஆண்டு கடும் வலித் தாக்குதல் ஒன்றும் வரவில்லை. விலை அங்கே 22 லட்சம் டாலர். நோயாளிகளில் பெரும்பாலோர் இருக்கும் ஆப்பிரிக்க நாடுகளுக்கு அந்த விலையில் இது போய்ச் சேராது என்பதை எழுதாமல் விட முடியவில்லை.

பணம் அதிகம் வேண்டாத காரியம் ஒன்று 1986இலேயே நிரூபணமானது. மர்லின் காஸ்டன் நடத்திய சோதனையில், நோயுள்ள சின்னக் குழந்தைகளுக்குத் தினமும் பென்சிலின் கொடுத்தபோது நிமோகாக்கஸ் என்ற கிருமியின் கடும் தொற்று 84 சதவீதம் குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் சோதனையை முன்கூட்டியே நிறுத்தி எல்லாருக்கும் மருந்து கொடுத்தார்கள். இந்த நோயில் மண்ணீரல் சின்ன வயதிலேயே செயலிழந்துவிடும். அதனால் கிருமி நுழைந்தால் சில மணி நேரத்தில் குழந்தையைப் பறிகொடுக்க நேரும். ஆனால் மருந்து கொடுக்க, குழந்தைக்கு நோய் இருப்பது முன்பே தெரிய வேண்டும். பிறந்ததும் குதிகாலில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்ப்பது அதனால் வழக்கமானது. ஒரு குழந்தையின் துளியில் தெரிந்துவிட்டால், அடுத்து வீட்டார் எல்லாரையும் அழைத்துப் பார்க்கிறார்கள். சிகாகோவில் அன்று நடக்க முடியாமல் போனது அது.

அந்த இளைஞர்

ஹெரிக்கின் கட்டுரையில் நோயாளியின் பெயர் கிடையாது. அது மருத்துவ வழக்கம்தான். ஏறக்குறைய எண்பது ஆண்டு அவர் 'ஹெரிக்கின் நோயாளி' என்றே இருந்தார். 1989இல் டாட் சாவிட், மார்ட்டன் கோல்ட்பர்க் இருவரும் பழைய பதிவேடுகளைத் தேடி, கிரெனடாவரை போய், அவர் யார் என்று எழுதினார்கள்.

வால்டர் கிளெமென்ட் நோயல். நிலபுலன் உள்ள கறுப்பினக் குடும்பத்துப் பிள்ளை. பார்படோஸில் பள்ளிப் படிப்பு. 1904 செப்டம்பரில் நியூயார்க்குக்குக் கப்பலில் வந்தபோதே காலில் புண் வலித்துக்கொண்டிருந்தது. சிகாகோ பல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். மூச்சு வாங்கிக்கொண்டும் கட்டிலில் கிடந்தும் எழுந்தும், 1907இல் தன் வகுப்போடு பட்டம் வாங்கினார். இந்த விவரத்தில் நான் மறுபடி நின்றுவிடுகிறேன். ஆறு கிராம் ஹீமோகுளோபினோடு, பல தடவை ஆஸ்பத்திரி வாசம் செய்தும், ஓர் ஆண்டுகூடப் பிந்தாமல் படித்து முடித்திருக்கிறார். ஊர் திரும்பி செயின்ட் ஜார்ஜஸில் பல் மருத்துவராகத் தொழில் நடத்தினார்.

1916இல் நிமோனியாவால் இறந்தார். வயது 32. தன் நோய்க்கு ஒரு பெயர் வைக்கப்பட்டதை அவர் அறியவில்லை. சிகாகோவில் அவருடைய ரத்தம் அச்சேறிய விஷயம் அவருக்குத் தெரிந்திருந்ததா என்பதற்கும் குறிப்பில்லை. எம்மெல் ஒரு தகப்பனாரின் துளியை அடைத்து வைத்துப் பார்த்த கட்டுரை அடுத்த ஆண்டு வந்தது.

கிரெனடாவின் வடக்கு முனையில் சோட்டேர்ஸ் என்ற ஊரின் கத்தோலிக்கக் கல்லறையில் அவரைப் புதைத்திருக்கிறார்கள். பக்கத்தில் அவருடைய அப்பாவின் கல்லறையும் சகோதரியின் கல்லறையும் இருக்கின்றன.